பட்டப்பகலில் ஒரு நைட் ஷிப்ட்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். இந்தப் பக்கங்களில் எழுதுகிறவர்கள் எல்லோரும் நிறையப் படித்தவர்கள். நான் ப்ளஸ் டூவோடு நின்றவன். அதிலும் இயற்பியலில் தட்டுத் தடுமாறித் தேறியவன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிற நான், நானோ தொழில்நுட்பம், குவாண்டம் தகவல் தொடர்பு என்றெல்லாம் எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. அந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிறவள் என் மனைவி வாசுகி. அவள்தான் இதை எழுதியிருக்க வேண்டும். கேட்டேன். "நான் எழுதினா நாலு பேருதான் படிப்பாங்க மாமா. அந்த நாலு பேரும் எங்க தப்புன்னு கண்டுபிடிக்கத்தான் படிப்பாங்க. நீயே எழுது" என்று சொல்லிவிட்டாள். நடந்ததைச் சொல்லாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இப்போது நெதர்லாந்தில், ரோட்டர்டாமுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். இங்கே எனக்கு இன்னும் பழகாத ஒன்று ஜன்னல் விளிம்பு. காலையில் எழுந்ததும் அதில் விரலை வைத்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பேன். விரல் அப்படியே சுத்தமாக இருக்கும். ஒரு வாரம் துடைக்காமல் விட்டுப் பார்த்தேன். அப்போதும் சுத்தம்தான். நெய்வேலிப் பக்கம் வளர்ந்தவனுக்கு இது நம்பும்படியாக இல்லை. அனல் மின் நிலையப் பக்கமிருந்து காற்றடித்தால் கொடியில் கிடக்கும் வேட்டியை ஓடிப்போய் எடுக்கிற கூட்டம் நாங்கள். தூசி எங்களுக்கு வீட்டு மனுஷன் மாதிரி. அந்த ஊரில் வளர்ந்த வாசுகி இங்கே வேலை செய்கிற அறைக்குள்ளோ தூசியே நுழையக்கூடாது. தலை முதல் கால்வரை வெள்ளை அங்கி, கையுறை, முகமூடி, கண் மட்டும்தான் வெளியே. முகத்துக்குப் பவுடர் போடக்கூடாது, நெற்றியில் திருநீறு கூடாது, பென்சில்கூட உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். பென்சில் எழுதும்போது உதிர்கிற கரிகூட அவர்களுக்குப் பாறாங்கல் மாதிரி.

ஏன் அவ்வளவு சுத்தம் என்று கேட்டபோது அவள் என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் காட்டினாள். இதை நீளவாக்கில் ஆயிரம் கீற்றாகக் கிழித்தால் ஒரு கீற்று எவ்வளவு அகலம் இருக்குமோ, அவ்வளவு அகலத்தில் ஒரு கம்பி செய்கிறார்களாம். அந்தக் கம்பியை, நாம் கேள்விப்பட்ட எந்தக் குளிரையும் தாண்டிய குளிரில் வைக்கிறார்கள். அப்போது வெளிச்சத்தின் ஒரே ஒரு துளி அதன்மேல் வந்து விழுந்தால்கூடக் கம்பி சிலிர்த்துக்கொண்டு, "வந்துவிட்டது" என்று சொல்லுமாம். இளம் வயதில் பல வருடம் அந்தக் கம்பியைச் செய்யக் கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கண்ணாடி இழை வழியாக வெளிச்சத்தை ஒவ்வொரு துளியாக அனுப்பி, அதில் ரகசியம் சொல்கிற வேலைக்கு வந்தாள். நடுவில் யாராவது எட்டிப் பார்த்தால் அந்தத் துளி மாறிவிடும், எட்டிப் பார்த்தது தெரிந்துவிடும். இதைச் சொல்லும்போது அவள் கண்ணைப் பார்க்க வேண்டும். எனக்குப் பாதி புரியாது. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கும் ரத்தம் சூடாகிவிடும்.

வாசுகி என் அத்தை மகள். அவள் அப்பா சிவகங்கைப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வேலைக்கு வந்து, குறிஞ்சிப்பாடியில் எங்கள் அத்தையைக் கட்டிக்கொண்டவர். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். நான் அப்போது மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் சிதறுகிற நிலக்கரியை அள்ளிப் போடுகிற காண்ட்ராக்ட் ஆள். அவள் பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்பு. வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டு கேட்டாள். "நான் இன்னும் எத்தினி ஊருக்குப் போவேன்னு எனக்கே தெரியாது மாமா. கூட வர்றியா?" நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "வரேன்" என்றேன். என் வாழ்க்கையில் யோசிக்காமல் சொன்ன ஒரே பதில் அதுதான். என் அண்ணன் விஷயம் தெரிந்து, "பொண்டாட்டி டாக்டரு, நீ கம்பவுண்டரா?" என்று கேட்டுச் சிரித்தான். "அவ ஊசி போடற டாக்டரு இல்லண்ணா" என்றேன். அதற்கும் சிரித்தான்.

நெய்வேலியில் மனிதர்களை இரண்டே வார்த்தையில் பிரித்துவிடலாம். காண்ட்ராக்ட், பர்மனென்ட். பெண் கேட்டால் முதல் கேள்வி அதுதான். ஒருத்தருக்குப் பர்மனென்ட் ஆர்டர் வந்தால் தெருவே இனிப்புத் தின்னும். என் முறை வருவதற்குள் நான் அவளோடு கிளம்பிவிட்டேன், அதில் எனக்கு வருத்தமில்லை. வேடிக்கை என்னவென்றால், வெளிநாடு போய்ப் பார்த்தால் விஞ்ஞானிகளுக்கும் அதே இரண்டு வார்த்தைதான். ஜெர்மனியில் ஒரு காண்ட்ராக்ட், பிறகு ஜப்பானில் ஒன்று, அதற்குப் பிறகு இங்கே. ஒவ்வொரு முறையும் குக்கரையும் கட்டிலையும் யாருக்காவது கொடுத்துவிட்டுப் புது ஊரில் மறுபடி குக்கர் வாங்குவோம். நான் போகிற ஊரில் கிடைக்கிற வேலையைச் செய்வேன். இங்கே கண்ணாடிக் கூடாரத்தில் தக்காளி பறித்து அடுக்குகிறேன். போன வருடம் வாசுகி சொல்லிவிட்டாள்: "இங்க பர்மனென்ட் போஸ்ட் ஒண்ணு வருது. அதுக்கு என்னைக் கூப்பிடுவாங்க. அதுவும் இல்லன்னா போதும் மாமா. வயசு நாப்பத்தஞ்சாவுது. ஆராய்ச்சியெல்லாம் மூட்ட கட்டிட்டு எங்கயாவது காலேஜ்ல பாடம் எடுக்கறேன்." அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்றிரவு சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

இங்கே பக்கத்து வீட்டில் ஹெங்க் என்று ஒரு பெரியவர். வாசுகியின் பிறந்தநாளன்று மாடிப்படியில் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஹெஃபெலிசிடேர்ட்" என்றார். வாழ்த்துகள் என்று அர்த்தம். எனக்கு இல்லை, என் மனைவிக்குத்தான் பிறந்தநாள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, மறுபடி குலுக்கினார். நானும் மறுபடி விளக்கினேன். அவர் இன்னும் பலமாகக் குலுக்கினார். அப்புறம்தான் தெரிந்தது, இந்த ஊரில் ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் வாழ்த்துச் சொல்வார்களாம். பர்மனென்ட் ஆர்டர் வந்தவரின் மச்சினனுக்குக்கூடக் கை கொடுக்கிற எங்கள் ஊர் ஞாபகம் வந்து, ஹெங்க்கிடம் போய் நன்றி சொன்னேன்.

இந்தப் பங்குனியில் என் அண்ணன் மகள் கல்யாணத்துக்காகக் குறிஞ்சிப்பாடி வந்தோம். அந்தப் பர்மனென்ட் போஸ்ட்டுக்கு வாசுகியைக் கூப்பிட்டிருந்தார்கள், நேர்காணலுக்கு இன்னும் நாள் இருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், வாழைமரம் கட்டிக்கொண்டிருக்கும்போது மின்னஞ்சல் வந்தது. தேர்வுக் குழுவில் ஒருவர் அவசரமாக வெளியூர் போகிறாராம். நேர்காணலை மறுநாளே வீடியோவில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்குக் காலை, எங்களுக்குப் பிற்பகல். வாசுகி சரி என்று பதில் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாள். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். கூரை மேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர். "மாமா, இங்க உக்காந்து பேசினா நாதஸ்வரத்துக்குத்தான் பர்மனென்ட் குடுப்பாங்க" என்றாள்.

மறுநாள் காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நெய்வேலிக்கு பஸ் ஏறினோம். டவுன்ஷிப்பில் மின்சாரம் போகாது, சந்தடி குறைவு. ஆனால் யார் வீட்டுக்குப் போவது? வாசுகி தன் பள்ளித் தோழிகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். எல்லோருடைய அப்பாவும் ரிட்டயர் ஆகிவிட்டார். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஒருவர் மதுரைக்குப் போய்விட்டார், ஒருவர் சேலத்துக்கு. அவள் பிறந்து வளர்ந்த ஊரில் கதவைத் தட்டக்கூடிய வீடு ஒன்றுகூட இல்லை. "எனக்கு இங்க தெரிஞ்சது ஒரே வூடுதான்" என்று சொல்லி, ஆட்டோக்காரரிடம் பிளாக்கையும் நம்பரையும் சொன்னாள். அப்பா ரிட்டயர் ஆகும்வரை அவள் வீட்டார் குடியிருந்த அதே குவார்ட்டர்ஸ். "முன்னப் பின்ன தெரியாதவங்க வூடு வாசுகி" என்று நான் முணுமுணுத்தேன். "அவங்களுக்குத்தான் என்னைத் தெரியாது. வூட்டை எனக்கு நல்லாவே தெரியும்" என்றாள்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பெயர் சாந்தா. திண்டுக்கல் பக்கமாம். கணவர் மைன்ஸில் ஆபரேட்டர், ஷிப்டுக்குப் போயிருந்தார். வாசுகி விஷயத்தைச் சொல்லச் சொல்ல, நான் கேட்டுக்கு வெளியே செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். சாந்தா அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"காண்ட்ராக்டா, பர்மனென்டா?"

"இது கெடைச்சா பர்மனென்ட் அக்கா."

"அப்ப எதுக்கு வெளிய நிக்கிறீங்க? உள்ள வாங்க. வை-ஃபை இருக்கு, எம் பொண்ணு படிப்புக்குப் போட்டது. தம்பி, செருப்பக் கழட்டிட்டு வாங்க. வாடகை எல்லாம் கேக்க மாட்டேன்."

கூடத்தில் சின்னப் பெட்டி ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து மெல்லிய மஞ்சள் ஒயர் சுவருக்குள் போயிற்று. வாசுகி குனிந்து அதைத் தொட்டுப் பார்த்து, "மாமா, இதான் கண்ணாடி இழை. இதே மாதிரி ஒண்ணுலதான் நான் வெளிச்சம் அனுப்பறேன்" என்றாள். பத்தாம் வகுப்புக்குப் படித்த கூடத்தில் சின்னப் பெண் மாதிரி குதிக்காத குறை. ஜன்னலுக்கு முதுகு காட்டி மேஜை போட்டு உட்கார்ந்தாள். திரையில் ஐந்து முகங்கள் வந்தன. நானும் சாந்தா அக்காவும் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டோம்.

பேச்சு தொடங்கிச் சிறிது நேரத்தில் தெருமுனைக் கோயிலில் மைக்செட்டைப் போட்டுவிட்டார்கள். பங்குனி உற்சவம். பாட்டு நேராகக் கூடத்துக்குள் வந்து விழுந்தது. வாசுகியின் குரல் தடுமாறியது. எட்டிப் பார்த்தேன், திரையில் யாரோ காதைத் தொட்டுக் காட்டினார். நான் ஓடினேன். எங்கே போனாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என் வழக்கம். மைக்செட் போட்டிருந்த மணி என்பவரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். "வூட்டுல வெளிநாட்டு விஞ்ஞானிங்க வீடியோவுல வந்திருக்காங்க. எங்க வூட்டம்மா அவங்ககூட பேசிக்கினு இருக்காங்க. குவாண்டம்ங்க. கொஞ்சம் கொறைச்சு வைக்கிறீங்களா?"

அவர் குறைக்கவில்லை. மைக்கிலேயே கூப்பிட்டுச் சொன்னார். "நம்ம பிளாக்குல விஞ்ஞானிங்க வந்துக்கிறாங்களாம்!"

நான் திரும்பி வருவதற்குள் கேட்டில் பத்துப் பதினைந்து பேர். எதிர்வீட்டு அஞ்சலை அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "எங்க சாமி விஞ்ஞானி? கார்ல வந்தாங்களா, பிளேன்ல வந்தாங்களா?" என்று கேட்டார். "கம்ப்யூட்டர்லங்க" என்றேன். "அதுக்குள்ளயா குந்திக்கினு இருக்காங்க?" என்று சொல்லி நேராக ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு தலை. வாசுகியின் முதுகுக்குப் பின்னால், திரையில், அத்தனை தலையும் தெரிந்திருக்கும்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஐந்து பேரும் சிரித்தார்கள்.

நான் என் வாழ்க்கையில் ஒரே ஒரு நேர்காணலுக்குப் போயிருக்கிறேன், கடலூரில் ஒரு பட்டறையில். நான் ஏதோ சொன்னேன், உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள், "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. நேர்காணலில் சிரித்தால் முடிந்துபோயிற்று என்றுதான் எனக்குத் தெரியும். இத்தனை நாடு, இத்தனை குக்கர், இத்தனை வருட உழைப்பு. எல்லாவற்றையும் நான் ஒருவன் வாயைத் திறந்து கெடுத்துவிட்டேன் என்று சுவரில் சாய்ந்துவிட்டேன்.

சாந்தா அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, நீங்க நெய்வேலிக்காரரா? இதக்கூடச் சொல்லத் தெரியல?" என்றார். வெளியே போய்க் கேட்டருகே நின்று, குரலை உயர்த்தாமல், "யக்கா, உள்ள நைட் ஷிப்ட் தூங்குற மாதிரி நெனச்சுக்கங்க" என்றார். அவ்வளவுதான். அஞ்சலை அக்கா ஜன்னல் கம்பியை விட்டார். "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாவாம்" என்று கிசுகிசுத்துக்கொண்டே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். கூட்டம் கலைந்தது. கோயிலுக்கு ஆள் போயிற்று. அங்கே "நைட் ஷிப்ட்" என்று மட்டும் சொன்னார்களாம். பாட்டு பாதி வரியில் நின்றது. எங்கோ ஒரு குக்கர் விசில் அடிக்கப் போகும் நேரத்தில் அடுப்பை அணைக்கிற சத்தம்கூடக் கேட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காமல் போகலாம். ராத்திரி முழுக்கச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு ஒருவர் பகலில் தூங்கினால், அந்த வரிசையில் யாரும் உரலில்கூட இடிக்க மாட்டார்கள். சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள்கூட நாளைக்குத் தள்ளிவைப்பார்கள். தூக்கம் கெட்ட ஆள் அன்று ராத்திரி பெரிய இயந்திரத்தின்மேல் ஏறினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். குவாண்டம் என்று நான் சொன்னது யாருக்கும் புரியவில்லை. நைட் ஷிப்ட் என்றதும் ஒரு தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்த அமைதியில் வாசுகியின் குரல் கூடத்திலிருந்து தெளிவாக வந்தது. ஆங்கிலம் எனக்குக் கொஞ்சம்தான் புரியும். ஆனால் அந்தக் குரலில் ஒரு வேகம் வந்திருந்தது. கையை வீசி வீசிப் பேசுவது நிழலில் தெரிந்தது.

முடிந்து வெளியே வந்தபோது அவள் முகம் வியர்த்து மினுங்கியது. "என்ன சொன்னாங்க?" என்றேன். "சொல்லி அனுப்பறோம்னாங்க" என்றாள். "சிரிச்சாங்களே வாசுகி, நான்தான் கூட்டத்தக் கூட்டிட்டேன்" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மாமா, அதுல ஒரு அம்மா நிர்வாகத்து ஆளு. அவங்களுக்குப் பிசிக்ஸ் தெரியாது. 'எட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும்னு சொல்றீங்களே, அது எப்படி, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க'ன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்றதுன்னு முழிச்சுக்கினு இருந்தேன். அப்பத்தான் ஸ்க்ரீன்ல பாத்தா, எனக்குப் பின்னாடி அஞ்சல அக்கா! இதோ, இப்ப ஒருத்தங்க எட்டிப் பாக்கறாங்க, நீங்க எல்லாரும் என்னை விட்டுட்டு அவங்களப் பாத்தீங்க, என் பேச்சும் மாறிப் போச்சு, எட்டிப் பாத்தது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, வெளிச்சமும் இப்பிடித்தான்னேன். அந்தம்மா சிரிச்சாங்க பாரு! அப்புறம் எல்லாம் தன்னால வந்துச்சு."

அதற்குள் அஞ்சலை அக்கா வந்துவிட்டார். "இன்னா தாயி, நைட் ஷிப்ட் முடிஞ்சிதா? பர்மனென்டா?" என்று கேட்டார். "இன்னும் தெரியாதுக்கா" என்றாள் வாசுகி. "ஆவும் போ. என் மூஞ்சியப் பாத்துட்டு எவன் இல்லன்னு சொல்லுவான்" என்றார் அவர். தெருவே சிரித்தது. எனக்குத்தான் அந்த "சொல்லி அனுப்பறோம்" காதிலேயே நின்றது.

புறப்படும்போது சாந்தா அக்கா கொல்லைப்பக்கம் போய் ஒரு பை நிறைய மாங்காய் பறித்து வந்தார். "எங்க மரத்து மாங்கா. கல்யாண வீட்டுல ஊறுகா போடச் சொல்லுங்க, நல்லாப் புளிக்கும்" என்று வாசுகியின் கையில் கொடுத்தார். அந்த மரத்தை வைத்தவர் வாசுகியின் அப்பா. கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியவள் வாசுகி. அவள் தலையை உயர்த்தி மரத்தை ஒருமுறை பார்த்தாள். "தேங்க்ஸ் அக்கா" என்று விருந்தாளி மாதிரி இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டாள். "இன்னும் ரெண்டு வருசம்தான் எங்களுக்கும். அவரு ரிட்டயர் ஆயிட்டா நாங்களும் காலி பண்ணணும்" என்றார் சாந்தா அக்கா, கேட்டைச் சாத்திக்கொண்டே. பஸ்ஸில் குறிஞ்சிப்பாடி வரும்வரை வாசுகி பையை மடியிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் கல்யாணப் பந்தியில் இருக்கும்போது மின்னஞ்சல் வந்தது. வேலை கிடைத்துவிட்டது, பர்மனென்ட். சாயங்காலம் விமானம் பிடிக்கச் சென்னைக்கு பஸ் ஏறினோம்.